தொட்டிச் செடிக்குத் தண்ணீர்: வயல் அறிவு வீட்டுக்குள் ஏன் பலிப்பதில்லை

கொங்கு நாட்டில் பாசனம் அறியாத குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். கோவையிலோ திருப்பூரிலோ அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்குக்கூட, ஒரு தலைமுறை பின்னால் போனால், மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட்டு மடை திருப்பிய ஓர் அப்பாவோ அப்பாருவோ இருப்பார். அப்படியிருந்தும் இந்த வீடுகளின் வரவேற்பறையில் முதன்முதலாகக் கொண்டுவந்து வைக்கப்படும் மணி பிளான்டும் பீஸ் லில்லியும் சில மாதங்களில் மஞ்சளித்து, துவண்டு, அழுகிப் போகின்றன. தண்ணீர் ஊற்ற மறந்ததால் சாகும் செடிகளும் உண்டு என்றாலும், அக்கறையோடு நாள்தோறும் ஊற்றப்பட்டுச் சாகும் செடிகளே என் பார்வையில் அதிகம். காரணம் எளியது. வயலுக்கு அடிப்பகுதி என்று ஒன்று இல்லை, தொட்டிக்கு உண்டு. வீட்டுக்குள் செடி வளர்ப்பதில் தண்ணீரால் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளைக்கிறது.

முதலில் வேரைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். இலை பகலில் ஆக்சிஜனை வெளியிடுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம்; ஆனால் வேர் இரவும் பகலும் ஆக்சிஜனை உள்வாங்கிக்கொண்டுதான் உயிர்வாழ்கிறது. மண்துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் ஒரு பகுதி நீராலும் ஒரு பகுதி காற்றாலும் நிரம்பியிருக்கும்போது வேருக்கு இரண்டும் கிடைக்கின்றன. எல்லா இடைவெளிகளையும் நீரே நிரப்பிவிட்டால், மேலிருந்து ஆக்சிஜன் அந்த நீரின் ஊடாகத்தான் வேரை வந்தடைய வேண்டும். காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. ஆகவே நீர் தேங்கிய மண்ணில் வேர் மூச்சுத் திணறுகிறது, நுனிகள் இறக்கின்றன, இறந்த திசுவின் வழியாகப் பித்தியம் போன்ற அழுகல் நோய்க்கிருமிகள் உள்ளே நுழைகின்றன. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வடிகால் சரியில்லாத மஞ்சள் காட்டில் கிழங்கு அழுகல் விழுவதும் இதே பித்தியம் இனத்துக் கிருமியால்தான்.

வயலில் பாய்ச்சிய நீர் வேர்ப்பகுதியைக் கடந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். மேல்மண்ணில் இருக்கும் நீரை அதற்கடியில் உள்ள பல அடி ஆழ மண் தொடர்ச்சியாக இழுத்துக்கொள்வதால், ஒன்றிரண்டு நாளில் மேலே காற்று திரும்பிவிடுகிறது. தொட்டியில் அந்த இழுப்பு இல்லை. அடியில் துளை இருந்தாலும், துளைக்குக் கீழே இருப்பது மண் அல்ல, வெறும் காற்று. மண்ணின் நுண்துளைகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் விசையை மீறிய அளவு நீர் மட்டுமே துளைவழி வெளியேறும். மீதம் அடியிலேயே ஒரு பட்டையாகத் தங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள நுண்குழாயில் நீர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தானாக நிற்கும் என்பதும், விட்டம் அதில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அந்த உயரம் 30 சென்டிமீட்டராக ஏறும் என்பதும் இயற்பியல் பாடம். பொடிமண்ணின் இடைவெளிகள் மிகச் சிறியவை என்பதால் அவை நீரை இன்னும் உயரமாகப் பிடித்து நிறுத்துகின்றன. கரிசல் மண்ணைத் தொட்டியில் நிரப்பக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. பருத்திக்கு உகந்த அதே மண், ஓர் அடித் தொட்டிக்குள் போனால் மேலிருந்து கீழ்வரை சேறாகிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்று போதும். அதை நன்றாக நனைத்து, பிழியாமல், படுக்கைவாக்கில் பிடித்துக்கொண்டு சொட்டு நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு அதையே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். சொட்டு நின்ற ஸ்பாஞ்சிலிருந்து மீண்டும் நீர் வடியும். அடியில் தங்கும் ஈரப்பட்டையின் உயரம் அந்தப் பொருளின் துளைகளைப் பொறுத்ததேயன்றிப் பாத்திரத்தின் உயரத்தைப் பொறுத்ததன்று. ஆகவே ஒரே கலவையை உயரமான தொட்டியிலும் தட்டையான தொட்டியிலும் நிரப்பினால், தட்டையான தொட்டியில் வேருக்குக் காற்றுள்ள இடம் குறைவாகவே மிஞ்சும். வடிகாலுக்காக அடியில் ஓட்டாஞ்சில்லும் ஜல்லியும் போடும் பழைய வழக்கமும் இந்தக் கணக்கில்தான் தோற்றுப்போகிறது. நுண்மையான மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது; எனவே தொட்டியின் அடியில் இருந்திருக்க வேண்டிய ஈரப்பட்டை, ஜல்லியின் மேலே, வேருக்கு இன்னும் நெருக்கமாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். துளை வழியாக மண் கொட்டாமலிருக்க ஒரு துண்டு வலை போதுமானது. நம் வீட்டுப் பெரியவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து, முதன்முறை வளர்ப்பவர்களை மிகவும் ஏமாற்றும் அறிகுறி வாடல். தண்ணீர் இல்லாத செடி வாடும். தண்ணீர் மிகுந்த செடியும் வாடும். வேர் அழுகிய செடி ஈரத்துக்கு நடுவே நின்றுகொண்டே தாகத்தால் தவிக்கிறது, ஏனெனில் உறிஞ்சும் வேர்நுனிகள் அதனிடம் இல்லை. அதைப் பார்த்து இரக்கப்பட்டு மேலும் ஒரு சொம்பு ஊற்றுவதுதான் இறுதி அடியாக முடிகிறது. ஆகவே வாடிய செடியைக் கண்டால் கை முதலில் போக வேண்டிய இடம் மண், குழாய் அன்று. மண் காய்ந்து தொட்டி விளிம்பிலிருந்து விலகி நின்றால் அது தாகம். மண் ஈரமாக இருந்து, கீழ் இலைகள் மஞ்சளித்து, தண்டின் அடி மெத்தென்றாகி, சாக்கடை வாடை லேசாக வீசினால் அது மூச்சுத்திணறல். தொட்டியைச் சுற்றிச் சின்னஞ்சிறு கறுப்புப் பூச்சிகள் பறக்கத் தொடங்கினால், மேல்மண் காயவே இல்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று. அவற்றின் புழுக்கள் ஈரமான மட்கில்தான் வளர்கின்றன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மணி பிளான்டின் தண்டை வெறும் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டால் மாதக்கணக்கில் வளர்கிறதே, கோபிச்செட்டிபாளையத்து வயல்களில் நெல் தண்ணீரிலேயே நிற்கிறதே, அவற்றின் வேர் ஏன் அழுகுவதில்லை? நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று செல்லும் உள்வழிகள் அமைந்திருக்கின்றன; இலையிலிருந்து ஆக்சிஜன் அவற்றின் வழியே வேருக்கு இறங்குகிறது. மணி பிளான்ட் தண்ணீருக்குள் விடும் புதிய வேர்களும் அந்தச் சூழலுக்கு ஏற்பவே உருவாகின்றன. மேலும் பாட்டில் நீரில், மட்கிக்கொண்டிருக்கும் எருவோடு ஆக்சிஜனுக்குப் போட்டியிட வேண்டிய தேவையும் இல்லை. காற்றோட்டமான மண்ணில் பிறந்து வளர்ந்த வேரை ஒரே நாளில் சேற்றில் மூழ்கடிப்பது வேறு விஷயம்.

அப்படியானால் எப்போது ஊற்றுவது? வாரம் இரண்டு முறை, மூன்று நாளுக்கு ஒருமுறை என்ற வகையில் நாற்றுப்பண்ணைகளில் சொல்லி அனுப்பும் கணக்குகள் எனக்கு உடன்பாடில்லை. செடி குடிக்கும் நீரின் அளவு, அதன்மீது விழும் வெளிச்சத்தையும் காற்றின் வறட்சியையும் இலைப்பரப்பையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். ஜன்னலோரத்தில் நான்கு நாளில் காயும் தொட்டி, அதே அறையின் மூலையில் பத்து நாளானாலும் காயாது. வெளியில் வெயிலில் நிற்கும் துளசிக்குப் பழகிய கை, வீட்டுக்குள் இருக்கும் செடிக்கும் அதே சொம்பைத்தான் சாய்க்கிறது. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் இலை மெதுவாகவே வேலை செய்கிறது என்பதால், வேரும் மெதுவாகவே குடிக்கிறது.

நாட்காட்டிக்கு மாற்றாக இரண்டு சோதனைகள் உள்ளன. ஒன்று, ஆட்காட்டி விரலை இரண்டாம் கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பது. பெரிய தொட்டியானால் காய்ந்த மூங்கில் குச்சி ஒன்றை அடிவரை செருகி, சில நிமிடம் கழித்து உருவி, எந்த உயரம்வரை ஈரம் ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம். மற்றொன்று, எனக்கு மிகவும் பிடித்தது, தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ; எட்டு அங்குலத் தொட்டி ஒன்று முழுதும் நனைந்தபோதும் காய்ந்தபோதும் காட்டும் எடை வேறுபாடு ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். நனைத்து வடித்தவுடன் ஒருமுறையும், காய்ந்தபின் ஒருமுறையும் தூக்கிப் பழகிவிட்டால், பிறகு கையே கணக்குச் சொல்லிவிடும். கடைகளில் கிடைக்கும் மலிவான ஈரமானிகளை நம்ப வேண்டாம். உலோகக் கம்பி செருகும் அந்தக் கருவிகள் ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. மண்ணில் மின்சாரம் ஓடுவதை வைத்து ஊகிக்கின்றன. உப்பு கூடிய மண்ணில் மின்சாரம் எளிதாக ஓடும் என்பதால், நம் ஊர்த் தண்ணீர் ஊற்றிய தொட்டியில் அவை உள்ளதைவிட மிகுந்த ஈரத்தைக் காட்டிவிடும்.

ஊற்றும்போது முழுதாக ஊற்ற வேண்டும். நாளுக்கு ஒரு டம்ளர் என்று ஊற்றினால் மேல் இரண்டு அங்குலம் எப்போதும் நசநசப்பாகவும், நடுப்பகுதி காய்ந்தும், உப்பு முழுவதும் உள்ளேயே தங்கியும் போகும். மண் முழுவதும் நனைந்து, ஊற்றியதில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒரு பங்குவரை துளைவழி வெளியேறும் அளவுக்கு மெதுவாக ஊற்றி, பிறகு சோதனை சொல்லும்வரை தொடாமல் விட்டுவிடுவதே முறை. நீர் இறங்கும்போது பின்னாலேயே புதிய காற்றும் மண்ணுக்குள் இழுக்கப்படுகிறது. அடித்தட்டில் சேர்ந்த நீரை அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். இல்லையென்றால் துளை இருந்தும் இல்லாத கதைதான். துளையே இல்லாத பீங்கான் தொட்டி அழகாக இருந்தால், செடியை அதன் பிளாஸ்டிக் தொட்டியோடு உள்ளே இறக்கி வைக்கலாம். ஊற்றும்போது மட்டும் வெளியே எடுக்க வேண்டும். மிகவும் காய்ந்து சுருங்கிய மண்ணில் மேலிருந்து ஊற்றினால் நீர் விளிம்போரமாக ஓடிவிடும், நடுவே ஒரு சொட்டும் சேராது. அப்போது தொட்டியை அரை மணி நேரம் நீர் வாளியில் பாதி உயரம் முழுகும்படி வைத்து எடுப்பது பயன் தரும்.

தொட்டியின் அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. வளரும் செடிதானே என்று சிறு நாற்றைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும். இப்போதைய வேருருண்டையைவிட ஓரிரு அங்குலம் மட்டும் அகலமான தொட்டி போதும். மண்தொட்டியின் சுவர் வழியாகவும் நீர் ஆவியாகும் என்பதால், தண்ணீர் ஊற்றுவதில் கை தாராளமாக உள்ளவர்களுக்குப் பிளாஸ்டிக்கைவிட அதுவே பாதுகாப்பு.

கலவையைப் பற்றி. செம்மண், மணல், மட்கிய எரு மூன்றும் சம பங்கு என்பது நாற்றுப்பண்ணைகளின் பழைய கலவை. வெளியில் வைக்கும் தொட்டிகளுக்கு இன்றும் நன்று. வீட்டுக்குள் பலரும் பயன்படுத்துவது கோகோபீட். பொள்ளாச்சிப் பக்கத்து மஞ்சி மில்களில் ஒரு காலத்தில் கழிவாகக் குவிந்து கிடந்த தென்னை நார்த்தூள்தான், அழுத்திக் கட்டியாக்கப்பட்டு இன்று வெளிநாட்டுப் பசுமைக்குடில்கள்வரை போகிறது. அது தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடிக்கும், இருந்தும் ஓரளவு காற்றுக்கும் இடம் விடும். ஆனால் அதன் மேற்பரப்பு விரைவில் வெளிறிக் காய்ந்ததுபோலத் தோன்றும். கீழே ஈரம் அப்படியே இருக்கும். நிறத்தைப் பார்த்து ஊற்றுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மேலும், கழுவாத நார்த்தூளில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதியாக இருக்கும் என்பதால், வாங்கிய கட்டியை ஊறவைத்து, பழுப்பு நீர் தெளியும்வரை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே தொட்டியில் நிரப்ப வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் என்னும் எடை குறைந்த வெள்ளைக் கல்பொரியோ, பருமனான ஆற்று மணலோ, உமிக்கரியோ கலந்தால் இடைவெளிகள் பெரிதாகும்.

இனி நீரின் தன்மை. கோவைக்காரர்கள் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று குழாயையே இரண்டாகப் பிரித்து வைத்திருப்பவர்கள். சிறுவாணி நீர் உப்புக் குறைந்தது, செடிக்கும் உகந்தது. ஆனால் அது வீட்டாருக்கே அளந்து கிடைக்கிறது. தொட்டிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு வகுத்த பாசன நீர் அளவுகோலின்படி, லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கரைந்த உப்புள்ள நீரால் பயிருக்குத் தொல்லையில்லை. 2,000 மில்லிகிராமுக்கு மேல் கடும் கட்டுப்பாடு தேவை. இடைப்பட்டதைக் கவனத்தோடு பயன்படுத்தலாம். இது திறந்த வயலுக்குச் சொன்னது. தொட்டியில் நீர் ஆவியாகும், உப்பு தங்கும், அடுத்தமுறை அதன்மேல் மீண்டும் உப்பு சேரும். மண்தொட்டியின் வெளிப்புறத்தில் பூக்கும் வெள்ளைப் படிவமும், இலைநுனி பழுப்பாகக் கருகுவதும் இதன் அடையாளங்கள். மாதத்துக்கு ஒருமுறை, தொட்டியின் கொள்ளளவைப்போல இரு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் உப்பு பெருமளவு கழுவிப்போகும்.

ஆழ்துளை நீரில் பைகார்பனேட்டும் மிகுந்திருக்கும். அது மண்ணின் காரத்தன்மையை மெல்ல உயர்த்த, மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். அப்போது புதிதாக வரும் தளிர் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாகத் தோன்றும். அளவுக்கு மீறி ஊற்றியதால் வரும் மஞ்சள் பெரும்பாலும் கீழே உள்ள முதிய இலைகளில் தொடங்கும். இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் பாதி மருத்துவம் முடிந்தது.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சிக்கனம் போற்றத்தக்கதே, ஆனால் அந்த நீரில் இருப்பது, உள்ளே போன நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பும் சேர்ந்த உப்பு. தரை துடைக்க அதை வைத்துக்கொள்ளலாம். அதைவிட மறைவான தீங்கு, அடுக்குமாடிகளில் பொருத்தப்படும் மென்னீர்க் கருவியால் வருகிறது. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் சோடியத்தை வைக்கிறது. சோப்பு நுரைக்கும், குழாயில் படிவு கட்டாது, உப்பு அளக்கும் கருவியிலும் எண் ஏறக்குறைய மாறாது. செடிக்கு மட்டும் வேண்டாத சோடியம் போய்ச் சேரும். அந்தக் கருவிக்கு முன்னால் ஒரு குழாய் இருந்தால் அதிலிருந்து பிடிப்பது மேல். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. கடின நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்ற மிகவும் ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழையை மாடியில் பிடித்து, கொசு புகாமல் மூடி வைத்தால் அதற்கு ஈடில்லை.

பருவத்தைப் பொறுத்தவரை ஒன்று சொன்னால் போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று, பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதுபோலவே, ஜன்னலோரத் தொட்டியையும் விரைந்து காயவைக்கும். வானம் மேகமாக இருப்பதைப் பார்த்து அப்போது ஊற்றாமல் விட்டுவிடக் கூடாது. மார்கழியில் நிலைமை நேர்மாறானது.

வேர் அழுகத் தொடங்கிவிட்ட செடியைக் காப்பாற்ற வேண்டுமானால், தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதிர்த்துவிட்டு வேரைப் பார்க்க வேண்டும். வெளிர் நிறத்தில் உறுதியாக இருப்பவை உயிருள்ளவை. பழுப்பாக, இழுத்தால் தோல் உரிந்து வருபவை இறந்தவை. இறந்தவற்றைச் சுத்தமான கத்தரியால் வெட்டி, எஞ்சிய வேருக்கு ஏற்ற சிறு தொட்டியில் புதிய கலவையில் நட்டு, ஒருமுறை நனைத்து, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். உரம் கூடாது, இல்லாத வேருக்கு உரம் வைப்பது உப்பைக் கூட்டுவதாகவே முடியும். புதிய இலை வரச் சில வாரங்கள் ஆகலாம். மருள் (ஸ்நேக் பிளான்ட்), இசட் இசட் போன்ற செடிகள் தடித்த கிழங்கிலும் இலையிலும் நீரைச் சேமித்து வைப்பவை என்பதால் அவற்றின் அழுகல் வெளியில் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அவற்றைப் பொறுத்தவரை மண் அடிவரை காய்ந்த பிறகும் சில நாள் பொறுப்பதே நல்லது.

ஊர் நோம்பிக்கு ஒரு வாரம் போக வேண்டியிருந்தால், போகும் நாளன்று முழுதாக நனைத்து, நன்றாக வடித்து, ஜன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துவிட்டால் வீட்டுக்குள் இருக்கும் பெரும்பாலான செடிகள் தாக்குப்பிடிக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதானால், எந்தத் தொட்டிக்கு, எந்த நாளில், எத்தனை டம்ளர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதோடு, மருளுக்கும் இசட் இசட் செடிக்கும் எதுவும் ஊற்ற வேண்டாம் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.